கொடும்பாளூர் வேளின் உரிமைகள்

கொடும்பாளூர் என்ற பெயரைக் கேட்ட அளவில் தமிழ் அன்பர் பெரும்பாலோர்க்கு வானதியின் நினைவே முதலில் எழும். அடுத்து அவள் பெரியப்பனாகிய 'பெரிய வேளார்' பூதி விக்கிரமகேசரியின் நினைவு. ஈழத்துப் போர்க்களத்தில் படை நடத்தி, அருள்மொழிவர்மர்பால் அன்பு பூண்டு, தம் தம்பி மகள் சோழ நாட்டின் அரசியாக வேண்டுமென்று உள்ளூர ஆசை வைத்திருக்கும் அந்த முதிய வீரரைக் கல்கி தம் 'பொன்னியின் செல்வ'னில் உயிரோடு நிறுத்தியிருக்கிறார். 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த அக்கதை, தாப்பாவிலும் பீடோரிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் தமிழ் படித்தவர் பலர்க்குச் சோழர் வரலாற்றின் முதற்பாடமாகவே அமைந்துவிட்டது. 2022-லும் 2023-லும் அதே கதை இரு பாகமாகத் திரையில் வந்தபின், நூலைத் தொடாத பிள்ளைகளுக்கும் பெரிய வேளாரின் முகம் தெரியும். நடிகர் பிரபுவின் முகமாகத் தெரியும்.

கதையைக் கதையாகக் கற்பிப்பதில் யார்க்கும் தடையில்லை. ஆனால் வகுப்பறையில் கதை எப்போது வரலாறாக மாறுகிறது என்பது ஆசிரியர்க்கே தெரியாமல் போய்விடுகிறது. பூதி விக்கிரமகேசரி கற்பனை மாந்தர் அல்லர். கல்லில் பெயர் பொறித்துச் சென்ற உண்மைத் தலைவர். அவர் சுந்தர சோழன் காலத்தவர் என்று கதை சொல்கிறது. கல் அப்படிச் சொல்கிறதா? இதுவே இக்கட்டுரையில் ஆராயப் புகும் பொருள்.

கொடும்பாளூர் இன்று புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழியைச் சொல்லும்போது, கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் அங்கிருந்து பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பை இதுவே என்பர். சோழ நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் நடுவே, இரு பெரும் படைகளும் கடந்தே ஆகவேண்டிய வழியில் அமைந்த ஊர். அங்கு வாழ்ந்த குடிக்கு நடுநிலை என்பதே இயலாத ஒன்று. இன்று யாருக்கு ஆள் அனுப்புவது, நாளை யாருக்குப் பெண் கொடுப்பது என்று எண்ணி எண்ணியே அவர்கள் காலம் கழிந்திருக்கவேண்டும்.

இவ்வூரில் மூவர் கோயில் என்று வழங்கும் கற்றளிகள் உள்ளன. மூன்றில் இரண்டே இன்று விமானத்தோடு நிற்கின்றன. வடபுறத்தது அடித்தளம் மட்டுமாய்க் கிடக்கிறது. நடுக்கோயிற் சுவரில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்களாக அமைந்த சாசனம் ஒன்று உண்டு. தொடக்கம் சிதைந்துவிட்டது. எஞ்சியதை நீலகண்ட சாஸ்திரியார் 1930-களில் ஆராய்ந்து வெளியிட்டார்.

அச்சாசனம் ஒரு குடியின் எட்டுத் தலைமுறையைக் கூறுகிறது. முதல்வன் பெயர் அழிந்தது. பாண்டியனுடைய யானைகளைக் கவர்ந்தவன் என்ற அளவே எஞ்சியது. பின் பரவீரசித், அதிவீரன், சங்ககிருத், இளமையில் பாம்புகளிடையே வளர்ந்தானாகச் சொல்லப்படும் நிருபகேசரி, வாதாபியை வென்ற பரதுர்க்கமர்த்தனன். அவனுக்கு அடுத்தவன் சமராபிராமன். அதிராசமங்கலத்துப் போரில் சளுக்கியைக் கொன்றவன். அநுபமை என்னும் சோழர் குலமகளை மணந்தவன். அவ்விருவர்க்கும் பிறந்தவன் பூதி விக்கிரமகேசரி. பல்லவர் சேனையின் குருதியால் காவிரி நீரைச் சிவப்பித்தான், வீரபாண்டியனை வென்றான், வஞ்சிவேளை அழித்தான் என்பன அவன் மெய்க்கீர்த்தி. கற்றளி, வரகுணை என இரு தேவியர். கற்றளியிடம் பராந்தகன், ஆதித்தவர்மன் என இரு புதல்வர். தன் பெயரால் ஒன்றும் தேவியர் பெயரால் இரண்டுமாக மூன்று விமானம் எடுத்து, ஐம்பது காளாமுகத் துறவியர் உண்பதற்குப் பதினொரு ஊர்களோடு ஒரு பெரிய மடத்தை மல்லிகார்ச்சுனர் என்ற மதுரை ஆசிரியர்க்கு அளித்தான்.

இதைப் படிப்போர் ஒரு செய்தியை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். இது வாழ்க்கை வரலாறன்று, உரிமை ஆவணம். "நான் இன்னார் வழிவந்தவன், ஆகவே இந்நிலம் கொடுக்க எனக்கு உரிமையுண்டு" என்று நிறுவுவதே அதன் நோக்கம். அத்தகைய ஆவணத்தில் முன்னோர் எப்போதும் தேவைக்கேற்ப நெருங்கி நிற்பர். வாதாபி வீழ்ந்தது கி. பி. 642-ல், நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில். அதை வென்றவன் பூதிக்குப் பாட்டன் நிலையில் சொல்லப்படுகிறான். பூதியை ஒன்பதாம் நூற்றாண்டில் வைத்தாலும் சரி, பத்தாம் நூற்றாண்டில் வைத்தாலும் சரி, பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழும். ஒன்று, நடுவே தலைமுறைகள் விடுபட்டிருக்கவேண்டும். அல்லது வாதாபி வெற்றி வேறொரு சிறு படையெடுப்பின் பெருமையாக இருக்கவேண்டும். எப்படியாயினும், தலைமுறைகளை விரல்விட்டு எண்ணிக் காலம் காண முயல்வது இங்கே பயன்படாது.

பட்டப் பெயரும் அப்படியே. கொடும்பாளூர்த் தலைவர்க்கு இருக்குவேள் என்பது குடிப்பட்டம். அதற்கு முன்னே பேரரசனின் பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். சோழனுக்கு அடங்கியபோது செம்பியன் இருக்குவேள். பாண்டியன் சார்பில் தென்னவன் இளங்கோவேள். நம் பேராக்கில் நால்வர், எண்மர், பதினறுவர், முப்பத்திருவர் என்று பெருந்தலைவரை அடுக்கிய பழைய முறையை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பட்டம் சுல்தானுடைய கொடை. ஆயினும் அது சில குடும்பங்களிலேயே சுற்றிவரும். ஆற்றில் செல்லும் பொருளுக்கு வரி வாங்கும் உரிமை அதோடு ஒட்டிவரும். பட்டத்தை மட்டும் கண்டு இவர் இன்னார், இன்ன காலத்தவர் என்று சொல்லிவிட முடியுமா? பாட்டன் பெயரும் பேரன் பெயரும் ஒன்றாகிவிடும் குடிகளில் ஆராய்ச்சியாளன் எளிதில் வழி தவறுவான்.

பூதியின் காலம் பற்றிய வழக்கு முழுவதும் இந்த வழி தவறலைச் சுற்றியே நடக்கிறது. பராந்தகன், ஆதித்தன் என்று புதல்வர்க்குப் பெயரிட்டவன் சோழ மன்னரைப் போற்றியவன் என்பது தெளிவு. எந்தச் சோழரை? சுந்தர சோழனுக்கு இரண்டாம் பராந்தகன் என்று பெயர். அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். அந்த ஆதித்தன் வீரபாண்டியன் தலைகொண்டவன். ஆகவே வீரபாண்டியனை வென்ற பூதி அவர்கள் காலத்தவனே என்பது சாஸ்திரியாரின் முடிபு. கல்கியின் பெரிய வேளார் நிற்பதும் இந்தக் காலத்திலேதான். ஆனால் நூறாண்டுக்கு முன்பும் அதே பெயர் இணை உண்டு! கி. பி. 871 முதல் 907 வரை ஆண்ட முதலாம் ஆதித்தனும் அவன் மகன் முதலாம் பராந்தகனும் யாவர்? சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். முதலாம் ஆதித்தனும் இராசகேசரி, சுந்தர சோழனும் இராசகேசரி. எனவே 'கோ இராசகேசரி' என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டும் இவ்வழக்கைத் தீர்க்காது. எஸ். ஆர். பாலசுப்பிரமணியம் 1966-ல் வெளியிட்ட முற்காலச் சோழர் கலை பற்றிய ஆங்கில நூலில் மூவர் கோயிலை முதலாம் ஆதித்தன் காலத்ததாகவே கொண்டார். அவர் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் கருத்து. காரணம் கூறுகிறேன்.

முதற் காரணம் பல்லவர். சுந்தர சோழன் ஆண்ட கி. பி. 957 முதல் 973 வரையான காலத்தில் காவிரிக் கரையில் குருதி சிந்தப் பல்லவர் சேனை ஏது? பல்லவப் பேரரசு முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பிற்காலம் கூறுவோர் இப்பல்லவனை வேறு யாராகவோ ஆக்கவேண்டியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ, கி. பி. 880-ஐ ஒட்டித் திருப்புறம்பியத்தில் பல்லவரும் பாண்டியரும் மோதினர். பின் சில ஆண்டுகளில் ஆதித்தனே பல்லவன் அபராசிதனை வென்றான். காவிரி நாட்டில் குருதிக்குக் குறைவில்லாத காலம் அது.

இரண்டாவது, பெயர்களையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இவனுடைய பட்டமோ தென்னவன் இளங்கோவேள். தென்னவன் என்பது பாண்டியன். ஒரு தேவியின் பெயர் வரகுணை. அது பாண்டியர் வழங்கிய பெயரின் பெண்வடிவம். புதல்வர் பெயர்களோ முற்றிலும் சோழர் பெயர்கள். தந்தை பாண்டியன் பட்டத்தோடு வாழ்வைத் தொடங்கினான். மக்களுக்குப் பெயரிடும் காலத்தில் சோழன் பக்கம் வந்துவிட்டான். ஒரே ஆயுளில் ஒரு குடி தன் தலைவனை மாற்றிக்கொண்ட காலம் எது? பாண்டியர் கை காவிரிக் கரையிலிருந்து தளர்ந்து, ஆதித்தன் கை ஓங்கிய காலமே அதற்குப் பொருந்தும். சுந்தர சோழன் காலத்திற்குள் இக்குடி சோழரோடு பல தலைமுறை பிணைந்துவிட்டது. மாறவேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவதே எனக்கு முதன்மையானது. மூவர் கோயிற் சாசனம் இரு புதல்வரைச் சொல்கிறது; மகளைச் சொல்லவில்லை. ஆனால் காவிரியின் தென்கரையில் திருச்செந்துறைக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவள் ஒரு கொடும்பாளூர்ப் பெண். அவள் பெயர் பூதி ஆதித்த பிடாரி. தென்னவன் இளங்கோவேளாரின் மகள் என்றும், சோழப் பெருமானடிகள் மகனார் அரிகுலகேசரியின் தேவி என்றும் அவ்வூர்க் கல்வெட்டு அவளைக் குறிக்கிறது. அரிகுலகேசரி முதலாம் பராந்தகனின் மகன். அரிஞ்சயன் என்று அறியப்படுபவன். சுந்தர சோழனைப் பெற்ற தந்தை.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிதில் விளக்கக்கூடிய ஒன்றுண்டு. நம் அடையாள அட்டையில் 'அ/லெ', 'அ/பெ' என்று போட்டுத் தந்தை பெயரைப் பின்னே எழுதுகிறோம். பழங்கல்வெட்டில் தந்தை பெயர் முன்னே வரும். மறவன் பூதி என்றால் மறவனின் மகன் பூதி. தமிழ்க் கல்வெட்டுகளில் தென்னவன் இளங்கோவேளுக்கு மறவன் பூதி என்றே பெயர் வழங்குகிறது. போரில் களிப்பவன் என்னும் பொருளுடைய சமராபிராமன் தமிழில் மறவனாக இருப்பது பொருந்தாமலும் இல்லை. இம்முறைப்படி பூதி ஆதித்த பிடாரி யார்? பூதியின் மகன் ஆதித்தன். அவன் மகள் பிடாரி. கற்றளி பெற்ற ஆதித்தவர்மன் நினைவுக்கு வருகிறானா? அப்படியானால் அவள் பூதிக்குப் பேத்தி. தந்தைக்குப் பின் பட்டம் பெற்ற ஆதித்தனே அங்கு இளங்கோவேள். இல்லை, பூதியின் நேர்மகளே என்று கொண்டாலும் கொள்க. எவ்வழியிலும் பூதி, அரிஞ்சயனுக்கு மாமனாரோ மாமனாரின் தந்தையோ ஆகிறான். அரிஞ்சயனின் பேரனாகிய அருள்மொழிவர்மனுக்கு அவன் படைத்தலைவனாக நிற்பது எங்ஙனம்?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பெயர்கள் திரும்பவரும் குடியில் முன்னொரு பூதியும் ஆதித்தனும், பின்னொரு பூதியும் ஆதித்தனும் இருந்திருக்கலாம் அல்லவா என்பர். சாசனம் கூறும் வீரபாண்டியனை ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியரிடையே அப்பெயராலேயே காட்டமுடியாமையும் உண்மை. அக்காலத்துப் பாண்டியனாகிய பராந்தக வீரநாராயணனையோ அவன் குலத்து இளவரசன் ஒருவனையோ கொள்ள நேர்கிறது. ஆயினும் இல்லாத பல்லவனை உண்டாக்குவதைவிட இது சிறிய இடர்ப்பாடு. நீதிமன்றத்தில் நிலவழக்கு நடத்தினோர் அறிவர்: எல்லாச் சாட்சியும் ஒருங்கே இசைவதில்லை, மிகுந்த சாட்சி எப்பக்கம் என்றே பார்க்கவேண்டும்.

கதையும் ஆவணமும் மோதும் இடத்தில் பிற நாட்டார் என்ன செய்தனர் என்று காண்பது நமக்கு உதவும். ஸ்பெயின் நாட்டில் ரோட்ரிகோ தியாஸ் என்ற பெருமகன் வாழ்ந்தான். எல் சித் என்று புகழ்பெற்றவன். கி. பி. 1094-ல் வாலென்சியா நகரைப் பிடித்து, 1099-ல் அங்கேயே இறந்தான். ஒரே மகன் தியேகோ 1097-ல் போரில் மடிந்தான். மனைவி ஹிமேனா 1102 வரை நகரைக் காத்துக் கைவிட்டாள். வாளால் ஈட்டிய நாடு மூன்றே ஆண்டில் போயிற்று. ஆனால் மகள் கிறிஸ்தினாவின் மகன் கார்சியா ராமிரெஸ் 1134-ல் நவார் நாட்டு மன்னனானான். மகனால் நிலைக்காத உரிமை மகள் வழியே அரியணை ஏறிற்று. இவனைப் பாடிய பழங்காப்பியமோ மகளிர் பெயரையே மாற்றி, நடவாத திருமணம் ஒன்றையும் புனைந்து, அதன்மேல் பெருந்துயரக் காட்சியைக் கட்டியது. மெனெந்தெஸ் பிதால் என்ற பேரறிஞர் 1929-ல் எழுதிய வரலாற்றில் அக்காப்பியத்தைப் பெரிதும் நம்பினார். பின்வந்தோர் காப்பியத்தை ஒருபுறமும் பட்டயங்களை மறுபுறமும் பிரித்துவைத்துப் படிக்கக் கற்றனர். காப்பியத்தின் அழகு அதனால் ஒரு துளியும் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

கொடும்பாளூர் மகளிர்க்கு அந்த அரியணையும் வாய்க்கவில்லை. அரிஞ்சயனுக்குப் பிடாரி தேவியானாலும், சுந்தர சோழனைப் பெற்றவள் வைதும்பர் குலத்துக் கல்யாணி என்று அன்பில் செப்பேடு கூறுகிறது. கொடும்பாளூர்ச் சிறிய வேளான் சுந்தர சோழன் காலத்து ஈழப்போரில் உயிர் கொடுத்தான். இது கல்வெட்டு உண்மை. அவனுக்கு வானதி என்ற மகளைக் கொடுத்து, அவளை இராசராசனோடு இணைத்தது கல்கியின் கைவண்ணம். ஒரு வகையில், வரலாறு மறுத்த உரிமையைக் கதாசிரியர் அக்குடிக்கு வாங்கிக் கொடுத்தார் எனலாம்.

இவ்விடத்தில் புறநானூற்றைக் காட்டாமல் செல்ல மனம் வரவில்லை. பாரி இறந்தபின் கபிலர் அவன் மகளிர் இருவரையும் அழைத்துச் சென்று மணந்துகொள்ளக் கேட்டவருள் ஒருவன் இருங்கோவேள். வடபால் முனிவன் தடவினுள் தோன்றித் துவரை ஆண்டு நாற்பத்தொன்பது தலைமுறை வந்த வேளிருள் ஒருவன் என்று அவன் குடியைப் புகழ்ந்தே கேட்டார். அவன் மறுத்தான். கொடும்பாளூர் இருக்குவேளிர் இவ்விருங்கோவேளின் வழியினர் என்று அறிஞர் பலர் கருதுவர். இவர்கள் சாசனமும் தம்மை யதுகுலத்தோடு இணைத்துக்கொள்கிறது. நாற்பத்தொன்பது தலைமுறையைக் கூறிக் கேட்டும் நாடிழந்த மகளிரை ஏற்காத குடியின் காலத்தை இன்று நமக்குக் காட்டித் தருபவள், அக்குடியின் ஆவணம் பெயர் குறிக்காத ஒரு மகள்!

கொடையிலும் இக்குடிக்கு ஒரு பழம்பேர் உண்டு. பெரியபுராணத்து இடங்கழியார் கோனாட்டுக் கொடும்பாளூரை ஆண்டவர். அடியார்க்கு அமுது செய்விக்க வழியின்றி அரண்மனை நெற்கூட்டில் திருடப் புகுந்தவனைக் காவலர் பிடித்துவர, காரணம் கேட்டு, அவனே தமக்குப் பண்டாரம் என்று கூறிக் கூட்டையே திறந்துவிட்டவர். பூதியின் பதினொரு ஊர்களும் அந்த வழியில் வந்த கொடையே. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நெல்லைக் கொடுத்தால் அடுத்த போகத்தில் மீண்டும் விளையும். ஊரை மடத்திற்கு எழுதிக் கொடுத்தால் அது மக்களுக்கு மீளாது. பராந்தகனும் ஆதித்தவர்மனும் தந்தையிடமிருந்து பெற்றதில் அந்தப் பதினொரு ஊர்கள் இல்லை. அவை ஐம்பது துறவியரின் சோறாகிவிட்டன. இதைப் பக்தி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. பேரரசன் எப்போது வேண்டுமானாலும் பறிக்கக்கூடிய நிலத்தைக் கோயிலின் பெயரில் வைத்தால் அவன் தொட அஞ்சுவான் என்ற கணக்கும் அக்காலத் தலைவர்க்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எல் சித்தும் 1098-ல் வாலென்சியாப் பெருங்கோயிலுக்குச் சொத்து எழுதிவைத்தான். நான்கு ஆண்டில் நகரே போனபின் அந்தக் கொடை ஏட்டில் மட்டும் நின்றது.

வகுப்பில் 'பொன்னியின் செல்வன்' நடத்தும் ஆசிரியர் பெரிய வேளார் வரும் இடத்தில் நூலை மூடிவிடவேண்டியதில்லை. மூவர் கோயிற் படத்தையும் திருச்செந்துறைக் கல்வெட்டின் செய்தியையும் கரும்பலகையில் எழுதி, அரிஞ்சயன், சுந்தர சோழன், அருள்மொழி என்ற மூன்று பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இட்டு, பூதியை எந்த வரியில் வைப்பது என்று பிள்ளைகளையே கேட்கலாம். வினாவிற்கு விடை காணும் முயற்சியில் அவர்கள் ஒரு பாடப்புத்தகம் கற்பிக்காத அளவு வரலாறு கற்பர். கூர்மையான பிள்ளை ஒன்று இன்னொன்றும் கேட்கக்கூடும்: இடிந்துபோன மூன்றாம் கோயில் யாருடையது, கற்றளியுடையதா வரகுணையுடையதா? கற்றளி என்ற பெயருக்கே கல்லால் எடுத்த கோயில் என்பதுதான் பொருள்.